மட்டையால் பதில் சொல்லலாமா?

ஆடுகளத்தில் தன்னை அடிப்பவனை ஹாக்கி ஆட்டக்காரன் திருப்பி அடிக்கலாமா? ஸ்ரீமுஷ்ணத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பிள்ளைகளை விளையாட அனுப்பும் வீடுகளில் இக்கேள்வி எழத்தான் செய்கின்றது. அரியலூர் நமக்கு அண்டை மாவட்டம். அம்மண்ணின் இளைஞர் கார்த்தி செல்வம் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்தார். மறு ஆண்டு சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் இந்தியா ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்தார். ஹாக்கி என்றால் வடநாட்டார் ஆட்டம், அல்லது கோவில்பட்டியார் ஆட்டம் என்று எண்ணியிருந்த நம் பகுதிப் பிள்ளைகளுக்கு, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் செல்லலாம் என்பது புதிய செய்தியாக இருந்தது.

ஆட்டம் வந்தால் அடியும் கூடவே வருகின்றது. கோடை விடுமுறைப் போட்டி ஒன்றில் நம் தெருப் பிள்ளை ஒருவனுக்குக் கணுக்காலில் மூன்று முறை மட்டையடி விழுந்தது. பந்து அவனிடம் இல்லாத நேரத்திலும் விழுந்தது என்று பார்த்தவர்கள் கூறினார்கள். நடுவராக நின்றவர் விசில் ஊதவே இல்லை. வீங்கிய காலோடு வீடு திரும்பியவனிடம் அத்தா சொன்னது, "அடுத்த தடவை அவன் அடிச்சா நீயும் ஒன்னு போடு. அப்பத்தான் பயப்படுவான்." அம்மா சொன்னது, "இனிமே நீ ஆடப் போகவே வேணாம்." இரண்டும் பாசத்தில் பிறந்த சொற்களே. ஆயினும் இரண்டில் எதைக் கேட்டாலும் நட்டம் அந்தப் பிள்ளைக்குத்தான் என்பது நம் கருத்து.

அடி எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பந்தை மட்டையோடு ஒட்டவைத்து இருவர் மூவரைத் தாண்டிச் செல்பவனுக்கே அது விழுகின்றது. வாரணாசியின் முகம்மது ஷாகிதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஆடிய இந்தியா, ஸ்பெயினை 4-3 என வென்றபோது நான்காவது கோலை அடித்தவர் அவர். அவரைப் போன்ற ஒருவரிடமிருந்து பந்தை நேர்மையாகப் பறிக்க வேண்டுமானால் அதற்கு ஈடான பயிற்சி வேண்டும். அப்பயிற்சி இல்லாதவன் காலைப் பார்த்து அடிக்கின்றான். ஆக, அடிப்பவன் தன் இயலாமையை ஒப்புக்கொள்கின்றான். அவனுக்கு உண்மையில் என்ன வேண்டும்? அந்தத் திறமைசாலி களத்தில் இருக்கக் கூடாது. காயத்தால் வெளியேறினாலும் சரி, கோபத்தால் வெளியேற்றப்பட்டாலும் சரி, அவனுக்கு இரண்டும் ஒன்றே.

இங்கேதான் ஹாக்கியின் விதிகளை அறிந்திருத்தல் அவசியமாகின்றது. பச்சை அட்டை பெற்றவர் 2 நிமிடங்கள் வெளியே அமர வேண்டும். மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடங்கள். சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. இந்நேரம் முழுவதும் அவருக்குப் பதிலாக வேறொருவர் இறங்க இயலாது. அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாசின் மட்டை எதிரணி வீரரின் முகத்தில் பட்டது. வேண்டுமென்று செய்ததல்ல என்று இந்தியத் தரப்பு வாதிட்டது. ஆயினும் நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். எஞ்சிய நாற்பதுக்கும் மேற்பட்ட நிமிடங்களை இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் ஆற்றலால் ஷூட் அவுட்டில் 4-2 எனப் பிழைத்தது. ஆனால் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் ரோஹிதாஸ் ஆட முடியவில்லை. இந்தியா 2-3 எனத் தோற்றது. உள்நோக்கம் இருந்ததா என்பதே விவாதத்துக்குரியதாயிருந்த ஒரு மட்டைவீச்சுக்கு விலை இவ்வளவு. உள்நோக்கத்தோடு வீசினால் எவ்வளவு ஆகும் என்பதை அந்த அத்தா கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதும் அல்ல. ஒருமுறை திருப்பி அடித்தவனை மறுமுறை எவனும் தொடமாட்டான் என்பது அது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் இக்கொள்கை ஏறத்தாழ ஒரு நிறுவனமாகவே வளர்ந்துள்ளது. அங்கே தொழில்முறை லீக்கில் கைகலப்புக்கு 5 நிமிடத் தண்டனை மட்டுமே. இருவர் சண்டையிட்டால் இருவரும் சென்று அமர்வார்கள். இரு அணிகளின் ஆள் எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும். ஆகவே திறமைசாலியைக் காப்பதற்கென்றே ஒவ்வோர் அணியும் ஒருவரை வைத்திருந்தது. அவர்கள் அவரை 'என்ஃபோர்சர்' என்பார்கள். நம் வழக்கில் சொன்னால் அடியாள். அவ்வாட்டத்தின் தலைசிறந்த வீரராகக் கருதப்படும் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு எட்மன்டன் அணியில் டேவ் செமென்கோ, மார்ட்டி மெக்சோர்லி ஆகியோர் காவலாக இருந்தனர். 1988இல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது மெக்சோர்லியும் அவருடன் சென்றார். கிரெட்ஸ்கியோ கண்ணியமான ஆட்டத்துக்காக வழங்கப்படும் லேடி பிங் விருதை ஐந்து முறை பெற்றவர். கண்ணியம் ஒருவருக்கு, கைகலப்பு இன்னொருவருக்கு என்ற இந்தப் பங்கீடு நமக்கு உறுத்துகின்றது. தன் கை கறைபடாமல் இருக்கப் பிறர் கையில் கறை படியவிடுவது எவ்வகை நேர்மை?

அந்தக் காவலாளியின் முடிவையும் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று, அப்போது பாஸ்டன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த மெக்சோர்லி, வான்கூவர் அணியின் டொனால்ட் பிரஷீரைத் தலையில் மட்டையால் அடித்தார். அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் இருவரும் மோதியதில் பிரஷீரின் கை ஓங்கியிருந்தது. கணக்கைத் தீர்க்க மெக்சோர்லி மீண்டும் அழைத்தார், அவர் இணங்கவில்லை. ஆட்டம் முடிய விநாடிகளே இருந்தபோது அடி விழுந்தது. பிரஷீர் தலை தளத்தில் மோத விழுந்து மயங்கினார். வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆயுதத்தால் தாக்கிய குற்றம் உறுதியானது. சிறைத் தண்டனை இல்லை என்றாலும் மெக்சோர்லி அந்த லீக்கில் மறுபடி ஆடவே இல்லை. இன்னொரு காவலாளி டெரெக் பூகார்ட் 2011இல் தம் 28ஆம் வயதில், மதுவும் வலிநிவாரணியும் கலந்ததால் இறந்தார். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகளால் உண்டாகும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது பின்னர் தெரியவந்தது. "ஒருமுறை திருப்பி அடித்தால் போதும்" என்பார்கள். அந்த ஒருமுறை எங்கே நிற்கும் என்பதை அடிப்பவன் தீர்மானிப்பதில்லை.

மார்க்கம் இதில் என்ன சொல்கின்றது? நம்மில் சிலர், அநீதிக்கு உள்ளானவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று இஸ்லாம் கூறவில்லையே என்பார்கள். உண்மைதான். உயிரையும் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையை அது மறுக்கவில்லை. இழைக்கப்பட்ட தீங்கின் அளவுக்கு மிகாத பதிலை அனுமதித்தும் உள்ளது. ஆனால் அதே இடத்தில் மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கான கூலியை அல்லாஹ் தன் பொறுப்பில் வைத்திருக்கின்றான் என்பதையும் சேர்த்தே ஓத வேண்டும். சினத்தின்போது தன்னை ஆள்பவரையே வலிமையுடையவர் என்று நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டியதை மதரஸாவில் முதல் ஆண்டு ஓதும் பிள்ளையும் அறியும். அவ்வளவாக நாம் பேசாத இன்னொன்று உண்டு: சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது நபிகளாரின் கட்டளை. ஹாக்கி மட்டை ஏறக்குறைய 3 அடி நீளமுள்ளது. கோபத்தில் அதனை ஓங்குபவன், அது காலில் படுமா, முகத்தில் படுமா என்று அளந்தா ஓங்குகின்றான்? மட்டையைக் கையில் வைத்திருப்பவன் தன் பதிலை அளவோடு நிறுத்துவான் என்று எவரும் பொறுப்பேற்க முடியாது. இந்த ஒரு காரணமே நமக்குப் போதுமானதாகத் தோன்றுகின்றது.

தற்காப்பு வேறு, பதிலடி வேறு. ஓங்கிய மட்டையைத் தன் மட்டையால் தடுப்பதும், அடிப்பவன் கையைப் பற்றுவதும், விலகி ஓடுவதும் தற்காப்பு. அடி விழுந்து முடிந்து, அவன் திரும்பி நடக்கும்போது பின்னால் சென்று அடிப்பது தற்காப்பு ஆகாது. நாட்டின் சட்டமும் இவ்வாறே பிரித்துக் காண்கின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமையை ஏற்கின்றது. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது என்றும் வரையறுக்கின்றது.

அடிபட்டவர் என்ன செய்யலாம் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது தியான்சந்தை. 1936ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15, பெர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டம். ஒரு மாதத்திற்கு முன் பயிற்சி ஆட்டமொன்றில் ஜெர்மனியிடம் 1-4 எனத் தோற்றிருந்த இந்தியா, அன்று 8-1 என வென்றது. கோல் அடித்தோரில் தாராவும் ஜாபரும் இருந்தனர். ஜெர்மானிய கோல்கீப்பர் மோதியதில் தியான்சந்தின் பல் உடைந்தது. சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், கோல் அடிப்பதை நிறுத்திப் பந்தைக் கையாளும் வித்தையைக் காட்டுங்கள் என்று தோழர்களிடம் சொன்னார். இந்திய வீரர்கள் பந்தை எதிரணியின் கோல் வட்டம் வரை கொண்டுசென்று மீண்டும் மீண்டும் பின்னுக்கே அனுப்பினர் என்று அவரது வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். மேடைகளில் இதைப் பொறுமையின் இலக்கணமாகப் புகழ்வதுண்டு. நமக்கு அதில் சிறு தயக்கம் உள்ளது. எதிரியை ஏளனத்துக்குள்ளாக்குவதும் ஒருவகைப் பழிதீர்த்தல்தானே? பிறரை இழிவாக்கி நகைப்பதை மார்க்கம் விரும்புவதில்லை. எனினும் உடைந்த பல்லுக்கு உடைந்த மண்டை என்று போகாமல் பந்தோடு நின்ற அளவில் அவர் செய்கை எத்தனையோ மேல். கோல் அடிப்பதை அவர் நிறுத்தாமலே இருந்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்பது நம் சொந்த எண்ணம்.

தனியொருவரின் சினத்தைவிட அஞ்சத்தக்கது அவருக்குத் துணையாக ஓடிவரும் கூட்டத்தின் சினம். 2019 நவம்பரில் டெல்லியில் நடந்த நேரு கோப்பை இறுதியாட்டத்தில் பஞ்சாப் காவல்துறை அணியும் பஞ்சாப் நேஷனல் வங்கி அணியும் 3-3 எனச் சமநிலையில் இருந்தபோது, வீரர்கள் மட்டைகளாலேயே ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். காணொளி நாடெங்கும் பரவியது. ஆட்டம் குறைந்த ஆட்களோடு தொடர்ந்து, வங்கி அணி 6-3 என வென்றது. கோப்பையை யார் வென்றார்கள் என்பது இன்று யாருக்கு நினைவிருக்கின்றது? ஹாக்கி இந்தியா அமைப்பு 11 வீரர்களையும் இரு அணி அதிகாரிகளையும் தடைசெய்தது. அவர்களுள் எத்தனை பேர் தொடக்கத்தில் சினமுற்றிருந்தனர், எத்தனை பேர் தோழனுக்காக ஓடிவந்தனர்? அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்ற நபிமொழியின் கருத்தையும், அநீதி இழைப்பவனுக்கான உதவி அவன் கையைப் பிடித்து நிறுத்துவதே என்று நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கத்தையும் ஆடுகளத்துக்குக் கொண்டுசென்றால், ஓடிவருபவனின் வேலை அடிப்பது அன்று, தன் தோழனைக் கட்டிப்பிடித்து அப்பால் இழுத்துச் செல்வது.

இதுவரை கூறியவற்றை அந்தப் பிள்ளையிடம் மட்டும் கூறிவிட்டு எழுந்து சென்றால் நாமும் அநீதி இழைத்தவர்கள் ஆவோம். மூன்று முறை அடிபட்டவனிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. அடித்தவனிடமும், பார்த்துக்கொண்டிருந்த நடுவரிடமும் ஒரு சொல் கேட்பது கடினம். பொறுமையை எப்போதும் அடிபட்டவனிடமே கேட்டுப் பழகிவிட்டோம். குடும்பத்திலும் தெருவிலும்கூட நாம் செய்வது இதுதான். அது வேறு கட்டுரைக்குரிய செய்தி. ஹாக்கியின் விதிகள் இந்தச் சுமையை அவன் தலையில் மட்டும் வைக்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவர் இருவர். தன் அணியினர் அனைவரின் நடத்தைக்கும் அணித்தலைவர் பொறுப்பு. அவர் கையில் பட்டை கட்டுவது அழகுக்காக அன்று. ஆகவே முதல் அடி விழுந்தவுடன் பேச வேண்டியவர் அடிபட்டவர் அல்லர், அவருடைய அணித்தலைவர். நடுவரிடம் கண்ணியமாக முறையிட வேண்டும். எதிரணித் தலைவரிடமும் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னும் அடி தொடர்ந்தால் அணி முழுவதும் களத்தைவிட்டு வெளியேறட்டும். தோல்வி என்று எழுதிக்கொள்வார்கள், எழுதிக்கொள்ளட்டும். ஒரு பிள்ளையின் முழங்காலைவிட ஒரு கிராமப் போட்டியின் வெற்றி பெரிதன்று.

வாயால் நடத்தும் போராட்டத்துக்கும் விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தங்கம் வென்றது. அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை, புனே கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சென்னையின் முகம்மது ரியாசும் அந்த அணியில் ஆடினார். வீரர்களுக்குச் சேர வேண்டியவற்றுக்காக வெளிப்படையாகப் பேசிய தன்ராஜும் வேறு சிலரும் அதன்பின் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஓய்வு கொடுத்திருக்கின்றோம் என்று சொல்லப்பட்டது. பழிவாங்கல் என்றே பலரும் கருதினர். எனினும் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். 2004 ஏதென்ஸ் வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார். முன்கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர்தாம். ஆனால் அந்தக் கோபத்தைச் சொல்லாகச் செலவிட்டதால் திரும்பிவர ஒரு வாயில் திறந்திருந்தது. மெக்சோர்லிக்கு அவ்வாயில் திறக்கவில்லை.

நம் பகுதிக்கென்று தனியாக ஓர் அச்சமும் உள்ளது. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. இரு ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டில் அடித்துக்கொண்டால் அது விளையாட்டுச் சண்டையாக அன்று மாலை வரைதான் இருக்கும். இரவு கைபேசிகளில் பெயர்கள் பரவும். பெயர்களைக் கண்டதும் சாதியும் சமயமும் தேடப்படும். மட்டையடி பட்ட கணுக்கால் மறக்கப்பட்டு, எந்தத் தெருவான் எந்தத் தெருவானை அடித்தான் என்பது மட்டும் நிற்கும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லப்படும்போது அங்குள்ள தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்பு அளிப்பது தலைமுறைகளாக நடந்துவருவது. மார்க்க அடிப்படையில் அதைப் பற்றி நம்முள் மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் இம்மண்ணில் இரு சமூகங்கள் ஒருவர் வாசலில் மற்றவர் அஞ்சாமல் நின்றிருக்கின்றார்கள் என்பதற்கு அது சான்று. இத்தகைய நம்பிக்கை உருவாகத் தலைமுறைகள் ஆகின்றன. அதைக் குலைக்க ஒரு மட்டைவீச்சும் ஒரு காணொளியும் போதும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீத ஒதுக்கீடு உள்ளது. அதை எண்ணி ஆடும் ஏழைப் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. காயம் விளைவித்ததாக ஒரு வழக்கு பதிவானால், காவல்துறைச் சரிபார்ப்பின்போது அவர்களுக்கு என்ன நேரும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே வரும் கோடையில் போட்டி நடத்த விரும்பும் இளைஞர் மன்றங்களிடமும், அதற்கு உதவும் ஜமாஅத் பெரியவர்களிடமும் நாம் வேண்டுவன சில. விதி அறிந்த நடுவர் இருவர் இன்றி ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை உள்ளது. கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் உள்ளது. அங்கெல்லாம் கேட்டால் வழிகாட்டுவார்கள். நடுவருக்கு வழிச்செலவும் சாப்பாடும் மதிப்பூதியமும் தர வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து விசிலைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னர் அவரைக் குறைகூறுவதில் பயனில்லை. ஆட்டத்துக்கு முன் இரு அணித்தலைவர்களையும் அழைத்து, முதல் மட்டையடிக்கே அட்டை என்பதைப் பெற்றோர் முன்னிலையில் அறிவிக்கட்டும். ஷின் பேட், மவுத் கார்டு இல்லாத பிள்ளையைக் களத்தில் இறக்க வேண்டாம். வாங்க இயலாதவர்களுக்கு மன்றமே வாங்கி வைத்து, ஆட்டம் முடிந்ததும் ஷின் பேடைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மவுத் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொந்தமாக இருக்கட்டும். கடந்த ஆண்டுகளில் இடுப்புயரக் கோப்பைகளுக்கு ஆன செலவைப் பார்த்தால், கோப்பையை ஒரு சாண் குறைத்தாலே இவையனைத்துக்கும் பணம் கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ்.